பழமை நாட்டமும் நாட்டுப்புற இன்பமும்

பழம்பொருளாராய்ச்சியில் பற்றுடையார் ஒருவரைக் குறித்து உலகினர் கொண்டுள்ள கருத்து நகைப்பிற்கு இடமானது. அவர் உடைந்த பானையோட்டினை உருட்டிப் பார்ப்பவர். செல்லரித்த ஏடுகளிடையே காலங்கழிப்பவர். இறந்தாரோடு உறவாடி இருப்பாரை மறந்தவர். காலைக் கதிரவனும் கழனிப் பசுமையும் அவர் கண்ணுக்குப் புலனாகா என்பதே அக்கருத்து. நம் கல்லூரியிலும் வரலாற்றுக் கழகத்தார் வெளியூர்ச் செலவிற்குப் பெயர் கொடுக்குமாறு அறிவிப்பு ஒட்டினால், "கல்லைப் பார்க்க யார் போவார்?" என்று கூறி நகர்ந்துவிடுவோர் பலர். அவர்மேல் யாம் குறை கூறோம். கல்லை மட்டுமே பார்த்தல் வேண்டும் என்று அவருக்கு நாமே கற்பித்துவிட்டோம்.

யாம் கூற விழைவது இதற்கு நேர்மாறானது. பழமையில் நாட்டமுடையார் அடையும் இன்பத்துள் பெரும்பகுதி நிலத்தைப் பார்க்கும் இன்பமே. மலையின் வடிவு, குளத்தின் கரை, வயலினூடே வளைந்து செல்லும் ஒற்றையடிப்பாதை, பாறைமேல் வெயில் சாயும் பொழுது, இவையெல்லாம் அவர் ஆராய்ச்சிக்குப் புறம்பானவை அல்ல. அவ்வாராய்ச்சிக்குக் கண் போன்றவை. அதனினும் மேலாக ஒன்று கூறுவோம்: இவ்வின்பத்தை நாள்தோறும் நுகர்வார் ஒருவரும் இல்லாத ஊரில் கல்வெட்டும் நெடுநாள் நிற்பதில்லை. மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றுகளை நன்கறிந்தவர்க்கு இது மிகைக்கூற்றாகத் தோன்றாது.

கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் மதுரைக்கு மேற்கே, மிதிவண்டியில் ஒரு மணி நேர அளவில் சென்றடையத்தக்க தொலைவில் உளது. ஊரை நெருங்கும்பொழுதே சமணர் மலை வெற்றுப்பாறையாய் எழுந்து தோன்றும். அதன் அடியில் தாமரைக்குளம்; அருகே ஆலமரமும் ஐயனார் கோயிலும். மழை பொய்யாத ஆண்டில், மார்கழி தைத் திங்கள்களில் குளம் நிறைந்து, இலைகளுக்கிடையே பாறையின் சாயல் துண்டு துண்டாய் நீரில் கிடக்கும். ஆடு மேய்ப்பார் மரநிழலில் துண்டை விரித்துத் துயில்வர். யாம் அவ்விடத்திற்கு எத்தனை முறை சென்றோம் என்று கணக்கிட்டதில்லை. ஆராய்ச்சிக்கென்று சென்றது சில முறையே. ஏனைய முறையெல்லாம் சும்மா சென்றவை. சும்மா சென்ற நாள்களிலேயே மிகுதியாகக் கற்றோம் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கின்றோம்.

படிகளில் ஏறிச் செல்வார்க்கு மலையின்மேல் பேச்சிப்பள்ளம் எதிர்ப்படும். அங்கே ஒரு சுனை உண்டு. அதனை அடுத்த பாறையில் எட்டுத் திருவுருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரும், கொடி படர்ந்த உடலினராகிய பாகுபலியும், ஏனைத் தீர்த்தங்கரரும் அவ்வரிசையில் உளர். கீழே வட்டெழுத்துக்கள். அவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. நண்பகலில் சென்று காண்பார்க்கு இவ்வுருவங்கள் தட்டையாகவே தோன்றும். எழுத்துக்கள் பாறையின் சொரசொரப்போடு கலந்து மறையும். வெயில் சாய்ந்து விழும் பொழுதிலோ உளிபட்ட கோடு ஒவ்வொன்றும் தன் நிழலைப் பெற்று எழுந்து நிற்கும். மூடிய இமையும் இதழின் ஓரமும் தெளிவாகும். எந்நேரத்தில் எப்பாறையில் வெயில் சாயும் என்பதை நூல் கற்பிப்பதில்லை. அது பலமுறை சென்றார்க்கே தெரிவது.

அவ்வுருவங்களுள் ஒன்று, அச்சணந்தி என்னும் சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று அதன் அடியிலுள்ள எழுத்துக் கூறும். அச்சணந்தியின் பெயர் பாண்டிநாட்டு மலைகள் பலவற்றில் காணப்படுவது; அவரைப்பற்றி ஆராய்ந்து எழுதினார் பலர். எமது நினைவு செல்வதோ அவர் அன்னையாரிடத்தே. வீடு துறந்து மலைமலையாய்த் திரிந்த மைந்தரைப் பெற்ற அம்மையார் இத்திருவுருவைச் செய்வித்தபொழுது நேரில் ஏறி வந்தனரோ, பொருள் அனுப்பியதோடு அமைந்தனரோ, எழுத்தில் இல்லை. ஆயினும் படியேறி மூச்சுவாங்க அவ்விடத்தே அமருந்தோறும், அவரும் ஒரு நாள் இங்கே அமர்ந்து இச்சுனைநீரை அள்ளிப் பருகியிருப்பார் என்றே எண்ணுவோம். நூலகத்தில் அவ்வாசகத்தைப் படித்த காலத்து இந்நினைவு எமக்கு எழுந்ததில்லை.

மலையின் மற்றொரு பக்கத்தில் செட்டிப்புடவு உளது. புடவு என்பது குகை. குகைவாயிலின் ஒரு பக்கம் பெரியதொரு தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்த கோலத்தில் விளங்குகின்றது. நீண்ட செவியும் அமைந்த நோக்கும் கொண்ட அவ்வுருவை ஊரார் செட்டியார் என்று கருதினமையால் குகைக்கு அப்பெயர் வந்தது என்பர். இதனைக் கேட்டு நகைக்கும் கல்விமான்கள் உளர். எமக்கு நகைப்பு வரவில்லை. இன்னார் என்று அறியாதபொழுதும் ஊரார் அவ்வுருவிற்கு ஓர் உறவுப்பெயர் போல ஒன்றை இட்டு, ஆயிரம் ஆண்டுகளாய் அதனைச் சிதையாது வைத்தனர். உள்ளே, குகையின் வளைந்த மேற்புறத்தில், சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைமேல் வரும் பகைவனோடு பொருகின்ற பெண்தெய்வம் ஒன்று உளது. அளவிற் சிறியது, கீழே படுத்துக்கொண்டு மேல்நோக்கினாலன்றி அதன் விரைவு புலப்படாது. யாம் அவ்வாறே படுத்துப் பார்த்தோம். சட்டை அழுக்காயிற்று என்பதைத் தவிர இழப்பு ஒன்றுமில்லை.

இனி, இத்தகைய இடங்களை முன்னோர் ஏன் தேர்ந்தனர் என்பதை எண்ணுக. வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காண்பார்க்கு இக்கேள்வி எழுவதேயில்லை. நடந்து செல்வார்க்கோ விடை தானே தோன்றும். கற்படுக்கை உள்ள இடத்திலெல்லாம் பாறை முன்னே நீண்டு கூரையாய் நிற்கின்றது. மழைநீர் உள்ளே வழியாதபடி அதன் நெற்றியில் காடி வெட்டியிருக்கின்றனர். அக்காடியின் அண்மையிலேயே பெரும்பாலும் எழுத்துக்கள் உள. அருகே சுனை இருக்கும். சற்றே இறங்கினால் பிச்சை ஏற்றற்குரிய ஊர் இருக்கும். ஊரைத் தொட்டுச் செல்லும் வழி ஒன்று இருக்கும். அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்துக்கொண்டவர் யாவர்? உப்பு வாணிகர், அறுவை வாணிகர், கொழு வாணிகர், வெல்லப்பாகு விற்றவர், மதுரையைச் சார்ந்த பொற்கொல்லர். உப்பும் துணியும் உழுமுனையும் இவ்வழியே சென்றன என்பதை அவ்வெழுத்துக் கூறுகின்றது. அதனை அறிந்த பின்னர், அம்மலையடியில் இன்று செல்லும் மாட்டுவண்டித் தடத்தையும் பலசரக்கு ஏற்றிய சிறு வண்டியையும் முன்போற் காண எம்மால் இயலவில்லை.

மாங்குளம் மீனாட்சிபுரத்துக் குன்றின் செய்தியும் இத்தகையதே. அங்குள்ள எழுத்துக்களை இராபர்ட் சீவெல் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவை இன்ன மொழியென்று தெளியவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1924-ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகைக் குகை எழுத்துக்களில் அமைந்த மொழி தமிழே என்று காட்டினார். 1965-ஆம் ஆண்டில் ஐராவதம் மகாதேவன் அங்கே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைப் படித்தறிந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் அவ்வெழுத்தை மழையினின்றும் காத்தது அப்பாறையின் நெற்றி. பிறரிடமிருந்து காத்தது, கல்லுக்கென்று அம்மலையை ஒருவரும் கேளாமையே.

எம் நண்பராகிய பேராசிரியர் ஒருவர் இவ்விடத்தே குறுக்கிடுவார். "ஐயா, நீவிர் கூறுவது கவிஞர்க்கு ஏற்கும், ஆராய்ச்சிக்கு ஏலாது. மகிழ்ச்சி வேறு, அறிவு வேறு. உலாவித் திரிவோரால் விளையும் நன்மையினும் தீமையே மிகுதி" என்பது அவர் வாதம். இதில் பாதி உண்மை. மற்றைப் பாதியை முதலில் காண்போம்.

இந்நாட்டுப் பழம்பொருளாராய்ச்சியின் தொடக்கங்களை நோக்கின், வேறொன்றின் பொருட்டு நிலத்தில் நடந்தவரே பலவற்றைக் கண்டனர். இராபர்ட் புரூஸ் பூட் 1863-ஆம் ஆண்டில் பல்லாவரத்துச் சரளைக்குழியில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தபொழுது அவர் நிலவியல் துறையினர். நம்மனோர்க்கு நெருங்கிய செய்தி ஒன்று: அவர்தம் மாமனார் பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தொண்டாற்றிய மிஷனரி. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் இருந்து கொற்கையின் மணலைக் கிளறியதும் ஊதியத்திற்காக அன்று. அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டின், கீழடியைக் கூறலாம். தென்னந்தோப்பினிடையே அம்மேட்டில் கிடைத்த பொருள்களை மாணாக்கர் வழியாய் அறிந்து, பல்லாண்டுகளுக்கு முன்னரே பிறர்க்கு எடுத்துரைத்தவர் ஒரு பள்ளியாசிரியர். பின்னர் 2013, 2014-ஆம் ஆண்டுகளில் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இருமருங்கும் ஊரூராய்ச் சென்று 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடியில் அகழ்வு தொடங்கிற்று. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. மண்வெட்டிக்கு முன்னே சென்றது கால்நடையே என்பதை எம் நண்பர் மறுக்கமாட்டார்.

அவர் கூறிய உண்மைப்பாதிக்கு வருவோம். தீமையும் உண்டு, அதில் எமக்கும் பங்கு உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு குகையில் தேய்ந்த எழுத்துக்கள் படத்தில் தெளிவாய் விழவேண்டும் என்ற ஆவலால், வகுப்பறையினின்று கொண்டுசென்ற சுண்ணக்கட்டியைக் கொண்டு அவ்வெழுத்தின் கோடுகளை நிரப்பினோம். படம் அழகாய் வந்தது. ஆனால் ஓர் எழுத்தில் பாறையின் இயற்கைக் கீறலையே உளிக்கோடாகக் கருதி நிரப்பியிருந்தோம் என்பது பின்னரே தெரிந்தது. அடுத்த முறை சென்றபொழுது, எமக்குப் பின் வந்தவர் எவரோ அப்பிழைக்கோட்டையே வண்ணத்தால் அழுத்தி வைத்திருந்தனர். அக்குகைக்குச் செல்லுந்தோறும் எம் பிழை எம்மை எதிர்கொள்ளுகின்றது. ஆகவே இளைஞரைக் கடிந்துகொள்ளும் தகுதி எமக்குச் சிறிது குறைவே.

ஆயினும் ஒரு முறை கடிந்துகொண்டோம். சமணர் மலையில், கற்பாறையில் தம் பெயரையும் தம் அன்பிற்குரியாள் பெயரையும் பொறிக்க முற்பட்ட மாணாக்கர் ஒருவரைத் தடுத்தபொழுது, அவர் அஞ்சாது, "ஐயா, அவர்களும் பெயர்தானே பொறித்தார்கள்?" என்று கேட்டார். கேள்வி கூரியது. உண்மையில் பேச்சிப்பள்ளத்து எழுத்துக்களில் பெயர்களே மிகுதி. குரண்டியைச் சார்ந்த ஆசிரியரும், அவர்தம் மாணாக்கரும், அம்மாணாக்கர்க்கு மாணாக்கரும் தலைமுறை தலைமுறையாய் அங்கே குறிக்கப்பட்டுள்ளனர். அவர்கள் முதலில் ஒரு திருவுருவைச் செய்து வைத்தார்கள், பெயரை அதன் காலடியில் எழுதினார்கள் என்றோம். அவர் சிறிது எண்ணி, "எனக்குச் செதுக்கத் தெரியாதே" என்றார். இருவரும் நகைத்தோம். ஆணி அவர் சட்டைப்பைக்குத் திரும்பிற்று.

இவை சிறு தீமைகள். மலையையே கல்லாகக் காணும் பார்வையே பெருந்தீமை. மேலூர்ப் பகுதியில் கிரானைட்டுக்கென்று வெட்டிய குழிகளைக் கண்டார்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. அங்கே நிகழ்ந்த முறைகேடுகள் 2012-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. 2014-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவற்றை ஆராய ஓர் அதிகாரியை அமர்த்தியது. சட்டம் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. மத்திய அரசின் காப்பிலுள்ள பழஞ்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது என்றும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே செய்தல் வேண்டும் என்றும் 2010-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரையறுக்கின்றது. நன்றே. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குச் சின்னம் என்பது எழுத்துள்ள பாறை. அவ்வெழுத்தை அங்கே வரவழைத்த சுனையும், சுனைக்கு நீர் தரும் மேற்பாறையும், அந்நீர் சென்று சேரும் கண்மாயும் சின்னம் ஆவதில்லை. மீட்டரால் அளந்து எழுத்தைக் காத்து, மலையைக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது யாது? வீட்டை இடித்துவிட்டு வாயிற்படியின் கோலத்தைக் கண்ணாடியிட்டு வைத்தது போலாகும்.

ஆனைமலையை எண்ணுக. ஒத்தக்கடை வழியே செல்வார் எவரும் அது படுத்திருக்கும் யானையாய் நிற்பதைக் கண்டிருப்பர். அதன் அடியில் நரசிங்கப்பெருமாளுக்குக் குடைவித்த கோயில் கி.பி. 770-ஆம் ஆண்டைச் சார்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி தொடங்க, அவன் தம்பி மாறன் எயினன் நிறைவேற்றினான் என்பதை அங்குள்ள கல்வெட்டுக்கள் கூறும். இம்மலையில் சிற்ப நகரம் அமைப்பது என்ற எண்ணம் 2010-ஆம் ஆண்டில் எழுந்தது. ஊரார் எதிர்த்தனர். எண்ணம் கைவிடப்பட்டது. யானை இன்றும் படுத்திருக்கின்றது.

அரிட்டாபட்டியின் செய்தி இதனினும் அண்மையது. பாண்டியர் குடைவித்த சிவன் கோயிலும் அதன்கண் இலகுலீசர் உருவும், தமிழ்ப் பிராமி எழுத்தும், தீர்த்தங்கரர் சிற்பமும், வல்லூறு கூடு கட்டும் பாறைகளும், ஏரிகளும் ஊற்றுக்களும் ஓரிடத்தே அமைந்த ஊர் அது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சார்ந்த 193.215 எக்டேர் நிலம் பல்லுயிர் மரபுத்தலம் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வறிவிப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே. எழுத்தையும் பறவையையும் நீரையும் ஒருசேர மதித்த அவ்வறிவிப்பை யாம் மிகப் பாராட்டினோம். ஈராண்டு சென்றதும், 2024-ஆம் ஆண்டு நவம்பரில், அவ்விடத்தையும் உள்ளிட்ட ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலத்தில் விடப்பட்ட செய்தி வந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றம் அதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் நரசிங்கம்பட்டியினின்றும் மக்கள் பெருந்திரளாய் மதுரை தல்லாகுளம் வரை நடந்து வந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை நீக்கியது.

நடந்து வந்தவர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழவர், மாடு மேய்ப்பார், களையெடுக்கும் பெண்டிர், கடை வைத்திருப்போர். அவருள் தமிழ்ப் பிராமியைப் படிக்க வல்லார் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆயினும் அம்மலையில் எப்பாறை எந்நேரம் நிழல் தரும், எவ்வூற்று எத்திங்கள் வரை சுரக்கும், எக்கண்மாய்க்கு எவ்வாய்க்கால் என்பதை அவர் அறிவர். மலையை அவர் நாள்தோறும் பார்த்திருந்தனர். நாம் ஆண்டிற்கு ஒருமுறை பார்த்தோம். அவ்வளவே வேற்றுமை. எம் நண்பராகிய பேராசிரியர், மகிழ்ச்சி வேறு அறிவு வேறு என்றாரன்றோ? நம் அறிவு கருத்தரங்கம் ஒன்று கூட்டலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தபொழுது, அவர்தம் மகிழ்ச்சி சாலையில் நடந்துகொண்டிருந்தது.

சுரங்கமும் குவாரியும் ஏழைகட்குக் கூலி தருவன அல்லவோ என்று வினவுவார்க்கு விடை கூறாது செல்லுதல் முறையன்று. தருவனவே. அக்கூலியை எள்ளி நகையாடும் உரிமை மாதச்சம்பளம் பெறும் எமக்கில்லை. கல் தீரும்வரை கூலி, பின்னர்க் குழி என்பதே அத்தொழிலின் இயல்பு. கண்மாயோ பல தலைமுறைக்கு நெல் விளைத்துவந்தது, இன்னும் விளைக்கும். எது வேண்டும் என்று அவ்வூராரையே கேட்டிருக்கலாம். கேளாமலே அவர் விடை கூறிவிட்டனர்.

நம் கல்லூரியார்க்கு எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. வரலாற்றுக் கழகத்தார் ஆண்டிற்கொருமுறை பேருந்து அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு, மாமல்லபுரத்தையோ தஞ்சையையோ ஒரே பகலில் ஓடியோடிக் கண்டு, பாதி இரவில் களைத்துத் திரும்பும் வழக்கத்தை ஓராண்டு நிறுத்தி வைக்கலாம். அச்செலவில் பத்து மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். சனிக்கிழமைதோறும் ஒரு குன்று போதும். அதே குன்றிற்கு மறுமுறையும் மும்முறையும் செல்லலாம். தாவரவியலாரும் உடன் வரட்டும். ஓவியம் தீட்டுவார் தாளும் கரிக்கோலும் கொண்டு வரட்டும். தமிழ் மாணாக்கர்க்கு வட்டெழுத்துச் சில வாரப் பயிற்சியில் கைவரும். விடுமுறையில் ஊர் செல்வோர் தம் ஊர்க் கண்மாயின் மடைக்கல்லையும், எல்லையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லையும், பாறைக்குப் பாட்டிமார் வழங்கும் பெயரையும் குறித்து வந்தால், அக்குறிப்புக்களை இம்மலரின் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் குழுவினர் இடந்தருவர் என நம்புகின்றோம். பழைய மாணாக்கர்களும் தத்தம் ஊரினின்று எழுதலாம்.

முதற் செலவு கீழக்குயில்குடிக்கே ஆகுக. காலை ஆறு மணிக்கு விடுதி வாயிலினின்று புறப்பட்டால், ஏழு மணிக்குக் குளக்கரையை அடைந்து, தேநீர் அருந்திய பின்னும் வெயில் ஏறுமுன் பேச்சிப்பள்ளத்தில் இருக்கலாம். குணமதியாரின் பெயர் உள்ள இடத்தை யாம் காட்டுவோம். எவரும் சுண்ணக்கட்டி கொண்டுவர வேண்டா.